ஆமத்தூர் தாண்டிட்டேன்

சிவகாசியில் ஒருவர் ஃபோனை எடுக்கவில்லை என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. மற்ற ஊர்களில் குளிக்கிறார் என்று நினைப்பார்கள், சீட்டுக்காரர் என்று பயந்து எடுக்காமல் இருக்கிறார் என்று நினைப்பார்கள், (மனைவியாக இருந்தால்) வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று சரியாகவே நினைப்பார்கள். எங்கள் ஊரில் ரிங் போய்க்கொண்டிருக்கும்போதே பட்டாசு ஆலைகள் இருக்கிற பக்கம் கண் போய்விடும். இன்னும் கொஞ்சம் போனால், ஃபோனைக் காதில் வைத்தபடியே பக்கத்து வீட்டுக்காரரிடம், "எங்கயாச்சும் சத்தம் கேட்டுச்சாண்ணே?" என்று விசாரிப்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு முட்டாள், "வண்டி ஓட்டும்போது யாரும் ஃபோனை எடுக்கக் கூடாது" என்று விதி போட்டான். போட்டதோடு சும்மா இருந்தானா? விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்களா என்று பார்க்க, ஓட்டிக்கொண்டிருக்கிற ஓட்டுநர்களுக்கே ஃபோன் போட்டுச் சோதித்தான். அந்த முட்டாள் நான்தான். அப்போது என் பதவியின் பெயர் சாலைப் பாதுகாப்பு மேலாளர்.

அந்தப் பதவிக்கு நான் தகுதியால் வரவில்லை, கல்யாணத்தால் வந்தேன். எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். அப்பாவுக்கு அங்கே பருப்பு வியாபாரம். நான் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்துவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனியில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கொஞ்ச காலம் சும்மா இருந்தேன். பிறகு சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருப்பவரின் ஒரே மகள் பத்மாவைக் கட்டி வைத்தார்கள். "கம்பெனிக்கே வந்துருங்க மாப்ளே" என்று மாமனார் கூப்பிட்டார். வந்துவிட்டேன்.

வந்த பிறகுதான் பிரச்சினை புரிந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை வேலை வாங்கவும் முடியாது, வேலையை விட்டுத் துரத்தவும் முடியாது. நான் எந்தப் பிரிவுக்குப் போனாலும் மெஷினை நிறுத்திவிட்டு நாற்காலி போட்டார்கள். அச்சடித்த தாளை எடுத்து, "முருகன் வேட்டி கொஞ்சம் டல்லா இருக்கே" என்று சொல்லிப் பார்த்தேன். "சரிங்க மாப்ள சார்" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டு அதே வேட்டியை ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். (மாப்ள என்று மட்டும் சொன்னால் உறவு கொண்டாடுவது போல இருக்கிறதாம், சார் என்று மட்டும் சொன்னால் வெளியாள் போல இருக்கிறதாம். அதனால் மாப்ள சார்.) நான் எந்தத் தப்பு செய்தாலும் மாமனார் சிரித்த முகத்தோடு, "காப்பி சாப்பிட்டீகளா மாப்ளே?" என்பார். அதே தப்பை வேறு யாராவது செய்தால் காது கூசுகிற மாதிரி திட்டு விழும். அந்தத் திட்டு எனக்கும் விழாதா என்று நான் ஏங்க ஆரம்பித்துவிட்டேன். திட்டு வாங்குகிறவன் கம்பெனி ஆள், காப்பி வாங்குகிறவன் விருந்தாளி.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து ஒரு பெரிய நிறுவனத்தின் மெயில் வந்தது. அவர்களுடைய கிளைகளுக்கெல்லாம் காலண்டர் வேண்டும். ஆர்டர் கிடைத்தால் ஆடியிலிருந்து மார்கழி வரை மெஷின் நிற்காது. ஆனால் ஒரு நிபந்தனை. வேலைக்காக வண்டி ஓட்டும் உங்கள் ஊழியர்களுக்குச் சாலையில் ஆபத்து வராமலிருக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள், எங்கள் அதிகாரி நேரில் வந்து பார்த்துத் திருப்தியடைந்தால்தான் ஆர்டர் என்று எழுதியிருந்தார்கள்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"என்னத்தக் கேக்கான் மாப்ளே?"

"வண்டி ஓட்டுற நம்ம ஆளுகளப் பத்திரமாப் பாத்துக்கிட என்ன பண்றோம்னு கேக்காக மாமா."

"ஏன், ஆயுத பூசைக்கு ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாப் பூசணிக்கா ஒடைக்கோம். அமாவாசைக்கு அமாவாசை எலுமிச்சம்பழம் மாத்துறோம். இருக்கன்குடி ஆத்தாவுக்கு வருசத்துக்கு ஒரு கெடா. இம்புட்டையும் எழுதி அனுப்புங்க. வேற எவன் பண்றான்?"

நான் சிரித்தேன். படித்தவன் சிரிக்கிற சிரிப்பு. "அதெல்லாம் போதாது மாமா, நான் பாத்துக்கிடுறேன்" என்றேன். (எழுதி அனுப்பியிருக்கலாம். கடைசியில் நடந்ததைப் பார்த்தால் என்னைவிடக் கிடாதான் உருப்படியாக வேலை பார்த்திருக்கிறது.) இந்த ஆர்டரைப் பிடித்துக் கொடுத்தால் நான் கம்பெனி ஆள், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் காப்பிதான் என்று மனசுக்குள் சபதம் எடுத்துக்கொண்டேன்.

மறுவாரமே லோடு ஏற்றுகிற ஷெட்டில் ஓட்டுநர்களைக் கூட்டி, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் போட்டுக் காண்பித்தேன். முன்வரிசையில் பால்பாண்டி உட்கார்ந்திருந்தார். எங்கள் ஓட்டுநர்களில் மூத்தவர், வயிற்றில் மூத்தவர், வாயிலும் மூத்தவர். எதைச் சொன்னாலும் அவருக்கு ஒரு சந்தேகம் இருக்கும். சீட் பெல்ட் படம் வந்ததும் கையைத் தூக்கினார்.

"மாப்ள சார், ஒரு சந்தேகம். ஏதாச்சும் ஒண்ணுன்னா மொத வேல என்ன? ஓடணும். நம்மூருல பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். நீங்க என்னடான்னா சீட்டோட சேத்துக் கட்டிப் போடச் சொல்றீக. கட்டிப் போட்டா எப்படிச் சார் ஓடுறது?"

மற்றவர்கள் எல்லாரும், அதானே, என்று தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அண்ணே, இது பட்டாசு ஃபேக்டரி இல்ல. நீங்க ஏத்திட்டுப் போறது காலண்டர். காலண்டர் வெடிக்காது. இத மொதல்ல மண்டையில ஏத்திக்கோங்க" என்று, குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். இந்த வாக்கியத்தை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது தூக்கம். தூக்கம் வந்தால் உடனே வண்டியை ஓரங்கட்டி, பின்னால் சிவப்பு முக்கோணத்தை வைத்துவிட்டு, ஃபோனையும் சத்தமில்லாமல் செய்துவிட்டுத் தூங்க வேண்டும் என்றேன். பால்பாண்டியின் முகம் திருவிழா பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

"எங்கன இருந்தாலுமா?"

"எங்க இருந்தாலும்."

"ஏன் தூங்குனேன்னு யாரும் கேக்க மாட்டீகள்ல?"

"கேக்க மாட்டோம்."

"கேட்டுக்கிட்டீகளாலே எல்லாரும்?" என்று பின்னால் திரும்பிச் சாட்சி வைத்துக்கொண்டார். வண்டி ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து தூங்காதே என்று மட்டுமே கேட்டுப் பழகியவர் அவர். அன்று சீட்டுக்கு அடியில் வைப்பதற்கென்றே புதுத் தலையணை வாங்கினார் என்று பிறகு தெரிந்தது.

ஃபோன் விதிக்கு வருகிறேன். அதற்கு முன் ஆமத்தூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆமத்தூர் என்பது சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவில் இருக்கிற ஊர். வரைபடத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். எங்கள் ஓட்டுநர்கள் வாயில் அது ஊர் இல்லை, சமாதானம். மாமனாருக்குக் காலையில் சாமி கும்பிட்டு முடித்ததும் முதல் வேலை, ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஃபோன் போட்டு "எங்கன வர்ற?" என்று கேட்பது. கேட்ட மாத்திரத்தில், "ஆமத்தூர் தாண்டிட்டேன் மொதலாளி" என்று பதில் வரும். ஊரை விட்டே கிளம்பாமல் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவரும் ஆமத்தூர் தாண்டியிருப்பார். திண்டிவனத்தில் டயர் மாற்றிக்கொண்டிருப்பவரும் ஆமத்தூர் தாண்டியிருப்பார். போகிறவருக்கும் வருகிறவருக்கும் ஒரே ஊர் பொதுவாக உதவியது. சொல்கிறவருக்கும் பொய் என்று தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் மாமனாருக்கு மனசு நிம்மதியாகிவிடும். குரலைக் கேட்டாகிவிட்டது, ஆள் உயிரோடு இருக்கிறான், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. பட்டாசு சீசனில் எந்தப் பக்கம் எப்போது சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே வளர்ந்த தலைமுறை அது.

நான் போட்ட விதி அந்த ஒரு நிம்மதியையும் பிடுங்கிவிட்டது. மாமனார் ஃபோன் போடுவதை நிறுத்தச் சொன்னேன். அவர் நிறுத்தினார், நான் ஆரம்பித்தேன். ஓடுகிற வண்டிக்கு ஃபோன் போடுவேன். எடுத்தால், "ஏன் எடுத்தீங்க? விதி என்ன?" என்று பாடம் நடத்துவேன். அவர் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முழுப் பாடத்தையும் கேட்பார். எடுக்காவிட்டால், நல்லது என்று முதலில் சந்தோஷமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஏன் எடுக்கவில்லை என்று பயம் வந்துவிடும். எடுக்கிற வரை விடாமல் அடிப்பேன். எடுத்ததும், "ஏன் எடுத்தீங்க?" இப்போது யோசித்தால், எங்கள் வண்டிகளுக்கு அந்த மாதங்களில் சாலையில் இருந்த பெரிய ஆபத்து நான்தான்.

அதிகாரி வருகிற நாளும் வந்தது. பால்பாண்டி அன்று விடியற்காலையில்தான் ஹைதராபாத்திலிருந்து வந்து இறங்கியிருந்தார். கண்ணெல்லாம் கோவைப்பழம். அவரைப் பார்த்ததும் எனக்கு ஒரே ஒரு கவலைதான் வந்தது. இந்த மனிதர் அதிகாரியின் முன்னால் வாயைத் திறந்தால் என் மானம் போய்விடுமே.

"அண்ணே, மதுரைக்கு மட்டும் ஒரு நடை போயிட்டு வந்துருங்க. ஏஜென்ட்டுக கூட்டத்துக்குப் புது ஆல்பம் போகணும்."

"இப்பத்தான சார் வந்தேன்? வேற ஆளு இல்லையா?"

"பக்கத்துல இருக்க மதுரைதான? கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிரலாம்."

சாலைப் பாதுகாப்பு மேலாளர் பேசுகிற பேச்சா இது? பால்பாண்டி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, காலண்டர் படங்களின் மாதிரி ஆல்பங்களைப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

அதிகாரி அம்மாவின் பெயர் நளினி. சேலத்துக்காரர், பெங்களூரில் வேலை. அதிகம் பேசவில்லை, சிரிக்கவும் இல்லை. மாமனார் அறையில், மகாலட்சுமிக்கும் வெங்கடாசலபதிக்கும் நடுவில் நான் லேமினேட் செய்து மாட்டியிருந்த விதிகளை நின்று படித்தார். கீழே ஓட்டுநர்களின் பெயர்களும் இருந்தன.

"விதிகள் நன்றாக இருக்கின்றன. யாராவது ஒருவரிடம் பேச முடியுமா? இவரைக் கூப்பிடுங்கள்" என்று விரலை வைத்தார். விரல் நேராகப் பால்பாண்டியின் மேல் போய் நின்றது.

ஸ்பீக்கரில் போட்டு அடித்தேன். ரிங்குக்குப் பதிலாக அவர் வைத்திருந்த அம்மன் பாட்டு ஒலித்தது. முழுதாக ஒலித்து முடிந்தது. எடுக்கவில்லை.

"ஓட்டிக்கொண்டிருப்பார், அதனால் எடுக்கவில்லை. நல்லது" என்றார் நளினி. அவர் முகத்தில் முதல் தடவையாகத் திருப்தி மாதிரி ஒன்று தெரிந்தது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் ஆர்டர் என் கையில். எனக்கு வாய் அரித்தது. "எத்தனை தடவை போட்டாலும் எடுக்க மாட்டார் மேடம், பாருங்களேன்" என்று மறுபடி அடித்தேன். அம்மன் பாட்டு. மறுபடியும் அம்மன் பாட்டு. அதன் பிறகு நான் அடித்தது நளினிக்காக இல்லை, எனக்காக.

கணக்கு பார்க்கிற நடராஜன் எட்டிப் பார்த்தார். "பால்பாண்டியா? அப்பவே பேசுனானே. ஆமத்தூர்ல நிக்கேன், தூக்கமா வருது, ஓரங்கட்டிப் படுக்கப் போறேன்னான்."

"ஆமத்தூர்லயா?"

"ஆமத்தூர்லதானாம்" என்று சொல்லிவிட்டு நடராஜனே சிரித்தார். நளினியிடம் திரும்பி, "எங்க டிரைவருங்க ஆமத்தூர்ல இருக்கேன்னு சொன்னா, ஆமத்தூர்ல மட்டும் இல்லனு அர்த்தம் மேடம்" என்று விளக்கினார். நளினி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆமத்தூர் பொய் என்றால் தூக்கமும் பொய்யாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது.

அந்த நேரம் பார்த்து மாமனார் உள்ளே வந்தார். "என்ன மாப்ளே, மொகமெல்லாம் வேர்த்திருக்கு?"

நான் சொன்னேன். "லோடு வண்டி ஃபோன எடுக்க மாட்டேங்குது மாமா."

லோடு என்றால் எங்கள் கம்பெனியில் காலண்டர். ஆனால் கம்பெனிக்கு வெளியே, ஊரில், லோடு என்றால் ஒன்றே ஒன்றுதான், பட்டாசு. நான் அந்த வார்த்தையைச் சொல்லி வாய் மூடுவதற்குள், தூரத்தில் எங்கேயோ 'டொம்' என்று ஒரு சத்தம். கல்குவாரியாக இருக்கலாம், கோயில் வேட்டாக இருக்கலாம், எவனாவது புது வெடியைப் போட்டுப் பார்த்திருக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கேட்கிற சத்தம்தான். மாமனார் முகம் வெளுத்துவிட்டது. வாசலில் நின்ற காவலாளி "லோடு வண்டியாம்!" என்றார். மாடிப்படி இறங்குவதற்குள் அது "லோடு வண்டி போச்சாம்" என்று ஆகி எங்களுக்கு முன்னால் கீழே போய்ச் சேர்ந்திருந்தது.

கீழே காலண்டரின் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிக்கிற பிரிவில் மாரியம்மா வேலை பார்த்தார். பால்பாண்டியின் மனைவி. அவருடைய அக்கா பட்டாசு வேலைக்குப் போய் உடம்பெல்லாம் வெந்து திரும்பியவர். அதற்குப் பிறகுதான் மாரியம்மா வெடிமருந்து வேலையே வேண்டாம், காகிதம் வெடிக்காது என்று எங்களிடம் வந்து சேர்ந்தாராம். அவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அழவில்லை, கத்தவில்லை. "அவுகளா?" என்று மட்டும் கேட்டார். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலையில் கண் சிவந்து நின்ற மனிதரை வாயை அடைப்பதற்காக விரட்டிவிட்டது நான்தானே என்று அப்போதுதான் நெஞ்சில் குத்தியது. நிஜமாகவே பயந்துபோனேன்.

மாமனாருடைய காரை நான் எடுத்தேன். அவர் முன்னால் உட்கார்ந்தார். மாரியம்மா பின்னால் ஏறினார். நளினியும் ஏறிவிட்டார். "அவசர நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்" என்றார்.

நான் என்ன செய்தேன் என்று பார்க்கத்தான் அவருக்குக் கொடுத்து வைத்திருந்தது. மாமனார் எப்போதுமே பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவைத்துவிட்டு அதன் மேல் சாய்ந்துகொள்வார். மாட்டாவிட்டால் கார் கத்துமாம். அவசரத்தில் நானும் பெல்ட் போடவில்லை, அதனால் கார் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தது. நளினி பின்சீட்டு உறைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி ஒரு பெல்ட்டை வெளியே எடுத்து மாட்டிக்கொண்டார். அந்தக் காரில் அப்படி ஒன்று இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். அவர் மாரியம்மாவுக்கும் ஒன்று தேடிக் கொடுக்கப் பார்த்தார். "வேணாந்தாயி, எறங்கி ஓடணும்" என்று சொல்லிவிட்டார் மாரியம்மா.

திருத்தங்கலை எப்படித் தாண்டினேன் என்று ஞாபகமில்லை. ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. "மெதுவாப் போங்க மாப்ளே" என்று மாமனார் சொன்னார். "அவரு விருதுநகரத் தாண்டிருப்பாரு மாமா, எட்டிப் பிடிக்கணும்ல" என்றேன். ஆமத்தூரில் இருக்க மாட்டார் என்பதில் எங்கள் யாருக்கும் துளி சந்தேகம் இல்லை. ஆகவே ஆமத்தூர் வந்தபோது சாலையைப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்குப் படவில்லை. இடது கையால் ஃபோனை எடுத்துப் பால்பாண்டிக்கு மறுபடி அடித்தேன்.

"முன்னால் பாருங்கள்!" என்றார் நளினி.

பார்த்தேன். வேப்பமரத்து நிழலில், சாலையை விட்டு நன்றாக இறக்கி, விளக்குகள் மினுக்மினுக்கென்று எரிய, எங்கள் கம்பெனி வண்டி நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் கணிசமான தூரத்தில் சிவப்பு முக்கோணம். என் விதியில் எழுதியிருந்தபடி அச்சு அசலாக. பிரேக்கை மிதித்தேன். கார் சறுக்கிக்கொண்டே போய் முக்கோணத்தை நொறுக்கி, வண்டியின் பின்புறத்தில் போய் 'டொம்' என்று முட்டி நின்றது.

இந்தத் தடவை அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சந்தேகம் இல்லை.

பானெட் மடங்கி, ரேடியேட்டரிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. மாரியம்மாவுக்கு அது புகையாகத்தான் தெரிந்தது. "பொகையுது! ஓடுங்க!" என்று கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தார். லோடு வண்டி, புகை. வேறு எதுவும் எங்கள் மூளைக்கு எட்டவில்லை. நெற்றி வீங்கிய மாமனார் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கருவேலமரங்களுக்கு நடுவே ஓடினார். அவருக்கு முன்னால் மாரியம்மா ஓடினார். மாரியம்மாவுக்கும் முன்னால் ஒருவர், ஒரு செருப்பை விட்டுவிட்டு, முள்ளையும் பொருட்படுத்தாமல் ஓடினார். அது சாலைப் பாதுகாப்பு மேலாளர். விருந்தாளியாக வந்த அம்மாவைக் காரிலேயே பெல்ட்டோடு விட்டுவிட்டு ஓடினேன் என்பதை எவ்வளவு சுற்றி வளைத்துச் சொன்னாலும் அழகாகச் சொல்ல முடியாது.

கொஞ்ச தூரம் போய்க் குப்புற விழுந்து, காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தோம். ஒன்றும் வெடிக்கவில்லை. அதற்குப் பதில் என் காதுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கையில் இன்னும் ஃபோன் இருந்தது. ரிங் போய்க்கொண்டிருந்த ஃபோனை யாரோ எடுத்திருந்தார்கள்.

"சொல்லுங்க மாப்ள சார்" என்றது தூக்கக் கலக்கமான குரல். "வண்டி நிக்கிது, அதான் எடுத்தேன். ஓடும்போது எடுக்கல, பாத்துக்கோங்க. ஆமத்தூர்லதான் நிக்கேன். எவனோ குடிகாரப் பய பின்னால வந்து முட்டிட்டுக் காட்டுக்குள்ள ஓடிட்டான் சார். விடாதீக, கேஸ் போடுவோம்."

தலையைத் தூக்கிப் பார்த்தேன். வண்டியின் பின்கதவு திறந்து, பெட்டிகள் பிய்ந்து, ஆல்பங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து என் மாமனாரின் கார் மேல் விழுந்துகொண்டிருந்தன. முருகன் விழுந்தார், மகாலட்சுமி விழுந்தார், பச்சை வயலில் மான்குட்டி ஒன்று விழுந்தது. நளினி பெல்ட்டைக் கழற்றிவிட்டு நிதானமாக இறங்கி வந்து, நொறுங்கிய முக்கோணத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மாமனார் மெல்ல எழுந்து நின்றார். விழுகிற சாமிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"ஏலே!" என்றார். "காலண்டருலே அது! காலண்டர் வெடிக்குமாலே? அறிவிருக்கா ஒனக்கு? கெட்டிக்காரன்னு பொண்ணக் குடுத்தா, நின்ன வண்டியப் பின்னால போயி இடிச்சுட்டு, என்னைய வேட்டியத் தூக்கிட்டு ஓட விட்டுட்டியேலே!"

(அவரை ஓடச் சொன்னது நான் இல்லை, மாரியம்மா என்பதை அந்த நேரத்தில் சுட்டிக்காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.) கருவேல முள் காலில் ஏறியிருந்தது. இருந்தாலும் சொல்கிறேன், அந்த 'ஏலே' காதில் தேன் மாதிரி பாய்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அதற்காகத்தான் காத்திருந்தேன்.

மாரியம்மா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேரே வண்டிக்குப் போய், தலையணையோடு இறங்கிய பால்பாண்டியை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். முழுசாக இருக்கிறார் என்று உறுதியானதும் ஒரு முருகனைச் சுருட்டி அவர் முதுகில் நாலு போடு போட்டார். "ஃபோன எடுத்தா என்னவாம்? உசுரு போயி உசுரு வந்துச்சு!" அடித்துக்கொண்டே அழுதார். "எடுக்கக் கூடாதுன்னு ரூல்டி! மாப்ள சாரக் கேளு!" என்று கத்திக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார் பால்பாண்டி.

நளினி அவரை நிறுத்தி, "எப்போது ஊரிலிருந்து வந்தீர்கள்?" என்று கேட்டார்.

"விடியக் கருக்கல்ல, ஹைதராபாத்துல இருந்து. நேத்துப் பூரா ஓட்டுனதும்மா."

"பிறகு இன்றைக்கு யார் அனுப்பியது?"

பால்பாண்டி வாயைத் திறக்காமல் என் பக்கம் தாடையை நீட்டினார். அவர் வாயைத் திறக்காமல் இருந்தது அன்று அந்த ஒரு தடவைதான்.

"உங்கள் விதிகள் நன்றாகத்தான் வேலை செய்கின்றன" என்றார் நளினி என்னிடம். "இவர் எல்லாவற்றையும் பின்பற்றியிருக்கிறார். ஆனால் இவருக்குத் தூக்கம் ஏன் வந்தது என்பதற்கு உங்கள் சுவரில் ஒரு விதியும் இல்லையே?"

குனிந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

ஆர்டர் கிடைத்தது. நிபந்தனைகளோடு கிடைத்தது. நெடுந்தூரம் போய் வந்த ஓட்டுநர் முழுசாகத் தூங்கி எழாமல் அடுத்த வண்டி ஏறக் கூடாது, ஓடும் வண்டிக்குக் கம்பெனியிலிருந்து யாரும் ஃபோன் செய்யக் கூடாது. அறிக்கையில் விபத்து என்ற இடத்தில் ஒன்று என்றும், ஓட்டியவர் என்ற இடத்தில் சாலைப் பாதுகாப்பு மேலாளர் என்றும் போட்டிருந்தார். இப்போதும் ஆண்டுதோறும் அவர்கள், மீண்டும் நிகழாமலிருக்க என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டு எழுதுகிறார்கள். மாமனார் சளைக்காமல், "மருமகன் கையில சாவி குடுக்கறதில்லைன்னு எழுதுலே" என்று என்னிடமே சொல்லி என் கையாலேயே எழுத வைக்கிறார். காப்பியை நானே போய் வாங்கிக்கொள்கிறேன்.

ஆமத்தூருக்கும் மவுசு வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் ஆமத்தூர் என்றால் ஓரங்கட்டித் தூங்குகிறார் என்று பொருள். நாக்பூர் பக்கத்தில் நிறுத்திப் படுத்திருப்பவரும், "ஆமத்தூர்ல இருக்கேன்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டுத் தூங்குகிறார். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. (பொய் சொல்வதற்கு இப்போது விருதுநகருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கள்ளிக்குடியைப் பிடித்திருக்கிறார்கள்.) வீட்டிலும் அதே வழக்கம் வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கண்ணயர்ந்தால், யார் கேட்டாலும், "அவுக ஆமத்தூர்ல இருக்காக" என்பாள் பத்மா.

போன ஆடியில் என் அப்பா விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவர் வீட்டுக்கு ஃபோன் பண்ணி, நான் எங்கே என்று கேட்டிருக்கிறார். பத்மா பழக்க தோஷத்தில் ஆமத்தூர் என்று சொல்லிவிட்டாள். என்னிடம் சாவி கொடுப்பதில்லை என்பது தெரியாமல், பிள்ளையைப் பார்த்துக் காரிலேயே சேர்ந்து வரலாம் என்று அவர் ஆமத்தூரில் இறங்கி, உச்சி வெயிலில் என்னைத் தேடி அலைந்து, எனக்கு விடாமல் ஃபோன் அடித்திருக்கிறார். நான் எடுக்கவில்லை. பதறிப்போய் என் மாமனாருக்குப் போட்டார்.

"சம்மந்தி, பையன் ஃபோன எடுக்க மாட்டேங்கானே, எனக்குப் பயமா இருக்கே!"

மாமனார் ஒரு கொட்டாவி விட்டுவிட்டுச் சொன்னாராம். "அவன் எடுக்கலைன்னா ஊருக்கு நல்லது சம்மந்தி. ஃபோன் அவன் கையில இருந்தாத்தான் நாம பயப்படணும்."